சர்வோவைக் கழற்றினால் பைக்குக்கு என்ன ஆகும்?

சில பைக்குகளில் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, 'ஸ்ஸ்ர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பம்பும் அதே நேரத்தில் முனகுவதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூடவே இன்னொரு மோட்டாரும் ஒரு தடவை சுழன்று, தன்னைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் சர்வோ அது. சைலன்சர் மாற்றுகிறவர்கள் முதலில் கழற்றிப் போட நினைப்பதும் அதைத்தான்.

சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வேறு, இது வேறு. இது புகை போகும் குழாய்க்குள் ஓர் அச்சில் திரும்பும் தகடு. சில பைக்குகளில் உருளை. சர்வோவிலிருந்து வரும் இரண்டு கேபிள்களில் ஒன்று இதைத் திறக்கும், மற்றது மூடும். தகடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சர்வோவுக்குள் இருக்கும் சென்சார் வோல்டேஜாக மாற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1989-ல் வந்த யமஹா எஃப்இசட்ஆர்1000 'எக்ஸப்' என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. சுசுகி இதையே 'செட்' என்கிறது.

சரி, புகை சுலபமாக வெளியேறுவதுதானே நல்லது, நடுவில் எதற்குக் கதவு? "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்", அதாவது புகைக்கு எதிர் அழுத்தம் வேண்டும் என்று ஒரு பதில் எங்கும் கிடைக்கும். தவறான பதில். எந்த எஞ்சினும் பேக் பிரஷரைக் கேட்பதில்லை. இங்கே விஷயம் புகை அல்ல, அலை.

சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய் அகலமாகத் திறக்கும் இடத்தை எட்டியதும் அது தலைகீழாக மாறி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது சிலிண்டரை எட்டினால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு புதுக் காற்றையும் உள்ளே வரவழைக்கும். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் போகும். திறக்கும் இடம் 80 செ.மீ. தள்ளி இருந்தால், போய்வர 2.9 மில்லி செகண்ட். 12,000 ஆர்பிஎம்மில் அதற்குள் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் 210 டிகிரி அளவுக்குச் சுழன்றிருக்கும். அலை சரியான நேரத்துக்கு வந்து சேரும். 6,000 ஆர்பிஎம்மில்? பாதிதான் சுழன்றிருக்கும். சீக்கிரமே வந்துவிட்ட அலையில் ஒரு பங்கு மறுபடி குழாயில் ஓடி, மறுமுனையில் மறுபடி தலைகீழாகி, இந்தத் தடவை தள்ளும் அலையாகத் திரும்பும். அது வந்து சேர்வது சரியாக இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நேரத்தில். புகை சிலிண்டருக்குள்ளேயே திரும்பத் தள்ளப்படும். பவரை அளக்கும் டைனோ கருவியின் வரைபடத்தில் நடுவில் தெரியும் பள்ளம் இப்படி விழுந்ததுதான்.

குழாயில் உள்ள நம் வால்வு பாதி மூடினால், அலையில் ஒரு பகுதி மூடிய பக்கத்தில் பட்டு அப்படியே திரும்பும், மறுபகுதி திறந்த பக்கத்தில் தலைகீழாகித் திரும்பும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, பள்ளம் ஆழம் குறைகிறது. ஆர்பிஎம் ஏறியதும் இசியு வால்வை முழுக்கத் திறந்துவிடும்.

அதாவது, உச்ச வேகத்தில் அது ஏற்கெனவே வழிவிட்டுத்தான் நிற்கிறது. அதைக் கழற்றினால் அங்கே பவர் எங்கிருந்து வரும்? சில நூறு கிராம் எடை குறையும், ஐடிலில் சத்தம் தடிக்கும். இழப்பெல்லாம் தினமும் ஓட்டும் நடு ஆர்பிஎம்மில். சத்தம் கூடியதையே பவர் கூடியதாக எடுத்துக்கொள்வதில் நம் காதுகள் கெட்டிக்காரர்கள்.

எல்லா பைக்கிலும் இழப்பு ஒரே அளவு இருக்காது. வால்வு, சிலிண்டர்களிலிருந்து வரும் ஹெடர் குழாய்கள் சேரும் இடத்தில் இருந்தால் மேலே சொன்னது பெரும்பாலும் பொருந்தும். சைலன்சரின் வாயில் இருந்தால் அதன் முக்கிய வேலை சத்தத்தை அடக்குவது. எடுத்தால் டார்க்கில், அதாவது இழுவையில், பெரிய மாற்றம் தெரியாமலும் போகலாம். சத்தச் சோதனை வேறு கதை.

அப்புறம் இசியு. சென்சார் வோல்டேஜ் வராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். சுசுகியில் சி46 என்று பிழைக் குறியீடு விழும். விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு நிஜமாகவே வேறு கோளாறு வந்தாலும் தெரியாது. இதற்காகவே இசியுவை ஏமாற்றும் சின்ன பிளக் விற்கிறார்கள். அது விளக்கை அணைக்கும், அவ்வளவுதான். பெட்ரோல் அளவு வால்வு இருப்பதாக நினைத்து எழுதிய பழைய கணக்கிலேயே ஓடும். அதைத் திருத்த இசியுவில் இருக்கும் அந்தக் கணக்கை, அதாவது மேப்பை, மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம், சர்வோவை மட்டும் கழற்றிவிட்டுத் தகட்டைக் குழாயிலேயே விட்டுவிடுவது. அது பாதி மூடிய நிலையில் இறுகிக்கொண்டால் உச்ச வேகத்தில் எஞ்சின் மூச்சுத் திணறும்.

பிழைக் குறியீடு விழுந்ததும் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டவும் வேண்டாம். பல நேரம் இறுகியிருப்பது கரியும் துருவும் பிடித்த அச்சு, அல்லது கேபிள். இரண்டு கேபிள்களையும் சர்வோவின் சக்கரத்திலிருந்து விடுவித்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தடங்கலின்றிப் போய்த் திரும்பினால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சுத்தம் செய்ய வேண்டியது கீழே, குழாயில்.