மறுப்பு வேறு, திருத்தம் வேறு

போன வாரம் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்காக மடித்த எங்கள் பேப்பர். மோசடி வழக்கில் கைதானவரைப் பற்றிய செய்தி, மூன்று பத்தி அகலத்தில், நடுவில் இவருடைய படம். கைதானவருக்கும் இவருக்கும் ஒரே பெயர், ஒரே ஊர். பகுதிநேர நிருபர் முகநூலில் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார். இரவு பதினொரு மணி, பக்கம் அச்சுக்குப் போகிற அவசரம், செய்திகளைச் சரிபார்த்துப் பக்கத்தில் ஏற்றும் டெஸ்க்கில் ஒருவரும் "இது அவர்தானா?" என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையே தவறு தெரிந்துவிட்டது. இ-பேப்பரில் படத்தை எடுத்துவிட்டார்கள். அச்சில் ஒரு வரிகூட வரவில்லை. ஏன் என்று உதவி ஆசிரியரிடம் கேட்டேன். "அவர் மறுப்பு எதுவும் அனுப்பலையே சார்" என்றார்.

வந்தவர் பணம் கேட்கவில்லை, வழக்கு போடுவேன் என்றும் சொல்லவில்லை. "அதே பக்கத்துல, அது நான் இல்லைன்னு போடுங்க. மாப்பிள்ளை வீட்டுல காட்டணும்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக டெஸ்க்கில் இருக்கிறேன். இது முதல் தடவை இல்லை, பத்தாவது தடவையும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுப்பு என்பது பாதிக்கப்பட்டவர் அனுப்புவது. "நீங்கள் எழுதியது தவறு" என்று அவர் சொல்கிறார், நாம் பிரசுரிக்கிறோம். திருத்தம் என்பது நாம் கொடுக்க வேண்டியது. அதை யாரும் கேட்க வேண்டியதில்லை, வக்கீல் நோட்டீஸ் வர வேண்டியதில்லை. தவறு என்று நமக்குத் தெரிந்த நிமிஷத்திலிருந்து அது நம் கடன். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்திய பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகளும் இதையேதான் சொல்கின்றன: பிழை உறுதியானால் பத்திரிகை தானாகவே, உடனே, உரிய முக்கியத்துவத்துடன் திருத்த வேண்டும். இருந்தும் நம் டெஸ்க்குகளில் மறுப்புக்காகக் காத்திருக்கிறோம். மறுப்பு எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று தெரியாதவரின் தலையில் நம் வேலையைக் கட்டுகிறோம். அவர் சும்மா இருந்தால் விஷயம் முடிந்தது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை என்னவென்று எனக்குத் தெரியும். திருத்தம் போட்டால் மானம் போகும், பத்திரிகையின் பெயர் கெடும். இந்தத் தொழிலில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்த எண்ணம்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே புதிய பிள்ளைகளின் மனதில் இது ஏறிவிடுகிறது.

அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பென் பிராட்லீயின் கதை. அமெரிக்க நாளிதழான வாஷிங்டன் போஸ்ட்டின் நிர்வாக ஆசிரியராக 1968 முதல் 1991 வரை இருந்தவர். அந்தப் பத்திரிகை தோண்டியெடுத்த வாட்டர்கேட் ஊழல் என்றதும் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியது எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது 1972 அக்டோபர் 25. நிக்சனின் வலதுகரமான ஹால்ட்மன், நிக்சனின் தேர்தல் குழு வைத்திருந்த ரகசிய நிதியைக் கையாண்டவர்களில் ஒருவர் என்று அந்தக் குழுவின் பொருளாளர் கிராண்ட் ஜூரியிடம் (வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு) சாட்சி சொன்னதாக அன்று போஸ்ட்டில் செய்தி வந்தது. ஹால்ட்மனுக்கும் அந்த நிதிக்கும் தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் ஜூரியிடம் பொருளாளர் அதைச் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவே இல்லை. அந்த ஒரு வரிப் பிழையை வைத்து வெள்ளை மாளிகை மொத்தச் செய்தியையும் அடித்தது.

உறுதிப்படுத்திய விதத்தைக் கேளுங்கள். நிருபர் ஓர் அரசு வழக்கறிஞருக்குப் போன் செய்கிறார். "பத்து வரை எண்ணுகிறேன், செய்தி தவறென்றால் அதற்குள் போனை வைத்துவிடுங்கள்." வழக்கறிஞர் போனை வைக்கவில்லை. சரி, செய்தி உறுதி என்று நிருபர் எடுத்துக்கொண்டார். வழக்கறிஞரோ அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டிருந்தார். இன்று நம் பிள்ளைகள் "வாட்ஸ்அப்பில் கேட்டேன் சார், பார்த்துட்டார், மறுக்கலை" என்று வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த போன்தான் கண்முன் வருகிறது. பேசாமல் இருந்தார் என்பது பதில் ஆகாது.

அடுத்தது இன்னும் பெரியது. 1980 செப்டம்பரில் ஜேனட் குக் என்ற போஸ்ட்டின் இளம் நிருபர், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவன் 'ஜிம்மி'யைப் பற்றி எழுதினார். ஊரே பதறியது. போலீஸ் அந்தப் பையனைத் தேடி அலைந்தது, கிடைக்கவில்லை. சக நிருபர் ஒருவர் குக்கைக் காரில் அந்தப் பகுதிக்கே கூட்டிப்போனார். அவரால் வீட்டைக் காட்ட முடியவில்லை. அப்போதும் ஆசிரியர்கள் பையனின் பெயரை, தாயின் பெயரை வற்புறுத்திக் கேட்கவில்லை. தகவல் தந்தவரைக் காப்பாற்றுவது என்றால் வாசகரிடமிருந்து பெயரை மறைப்பது. ஆசிரியரிடமிருந்தும் மறைப்பது இல்லை. அந்த வித்தியாசத்தை அன்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. 1981 ஏப்ரலில் அந்தச் செய்திக்கு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் மிகப் பெரிய விருதான புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. தன் படிப்பு பற்றி குக் கொடுத்திருந்த விவரங்கள் முரண்படுவது அப்புறம்தான் வெளியே வந்தது. பிரெஞ்சு தெரியும் என்று எழுதியிருந்தாரே என்று பிராட்லீ பிரெஞ்சிலேயே கேள்வி கேட்டார். ஜிம்மி என்று ஒரு பையனே இல்லை என்று கடைசியில் குக் ஒப்புக்கொண்டார்.

பரிசைத் திருப்பிக் கொடுத்ததோடு போஸ்ட் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அங்கே வாசகர் சார்பில் பத்திரிகையையே விமர்சிக்க என்று ஒருவர் வேலையில் இருந்தார், பில் கிரீன். நடந்ததை அவர் தோண்டி எழுதினார். பிராட்லீ உட்பட மேலிருந்து கீழ்வரை எந்த ஆசிரியர் எங்கே தூங்கினார் என்பது அத்தனையும் ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை இதழில், முதல் பக்கத்தில் தொடங்கி உள்ளே பல பக்கங்களுக்கு வந்தது. பிராட்லீ அதற்கப்புறம் பத்து வருஷம் அதே நாற்காலியில் இருந்தார். திருத்தம் போட்டால் பெயர் கெடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். நம் ஊரிலும் 'தி இந்து' 2006இல் வாசகர்களுக்கென்று தனி ஆசிரியரை நியமித்தது. தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டெஸ்க்கில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முகநூல் படத்தை, வழக்கு விவரம் தெரிந்த ஓர் ஆளிடம் காட்டி உறுதி செய்யாமல் பக்கத்தில் வைக்காதீர்கள். படம் இல்லையென்றால் படம் இல்லாமலே போகட்டும், ஒன்றும் குடிமுழுகாது. "கூறப்படுகிறது" என்று எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். யார் கூறினார் என்று நான் கேட்டால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் திருத்தம் வரட்டும். என்ன தவறு, எது சரி என்று முழுசாக எழுதுங்கள். "நேற்றைய செய்தியில் ஏற்பட்ட பிழைக்கு வருந்துகிறோம்" என்பதை வைத்து அந்த மனிதர் மாப்பிள்ளை வீட்டில் எதைக் காட்டுவார்? இ-பேப்பரில் சத்தமில்லாமல் மாற்றுவது திருத்தமே இல்லை. மாற்றினால், மாற்றியதை அங்கேயே சொல்லுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களைப் பற்றித் தவறாக வந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். ஆசிரியர் பெயர் ஒவ்வொரு இதழிலும் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில். தேதி, பக்க எண், எது தவறு என்று குறித்து அவருக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள். கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், தண்டிக்க முடியாது. ஆனாலும் அனுப்புங்கள்.

அந்த மனிதரின் திருத்தம் நேற்று வந்தது. அதே பக்கம், மேலே இடதுபுறம், கட்டம் கட்டி. பத்து பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன், இன்று மாலை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறார்.