விலையைக் கேட்கும் முன் முகவரியைக் கேளுங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் பயண அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்கும் ஊர் பினாங்கு. அந்தச் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால் கிழக்குக் கரையில் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் கதவடைத்துவிடும். மேற்குக் கரையிலோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓரளவு வறண்ட காலம். ஆகவே கடற்கரைக்குப் போக நினைக்கும் குடும்பங்கள் எல்லாம் பினாங்கு, லங்காவி, போர்ட்டிக்சன் என்று சில இடங்களிலேயே வந்து நெரிகின்றன. பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தைப்பூசம், சீனப் பெருநாள் எல்லாம் அடுத்தடுத்து வருவதால் கூட்டம் குறையவும் இடமில்லை.

அழைப்பவர்கள் முதலில் கேட்பது, “ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?” நியாயமான கேள்விதான். பாட்டி தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை எட்டுப் பேர் போகும்போது கணக்குப் பார்க்காமல் முடியாது. ஆனால் இந்தக் காலத்தில் விலை எல்லோருக்கும்தான் ஏறியிருக்கும். ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் குடும்பமாக இரண்டு வேளை வெளியே சாப்பிடுகிற செலவுக்குள் அடங்கிவிடும். நான் பார்த்தவரை பயணத்தைக் கெடுப்பது தங்கும் இடம் இருக்கிற இடம். அதனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி: “எந்தத் தெரு?”

இதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் நிறையப் பேர். விளம்பரத்தில் “பினாங்கு ஹோம்ஸ்டே, மூன்று அறை, நீச்சல் குளம்” என்று இருந்தது, போதும் என்று நினைத்திருப்பார்கள். பினாங்கு மாநிலம் என்பது தீவு மட்டும் இல்லையே! அதன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இக்கரையில், அதாவது பெருநிலத்தில், செபராங் பிறையில் இருக்கிறது. பட்டர்வொர்த்தும் பினாங்குதான், புக்கிட் மெர்தாஜாமும் பினாங்குதான், பத்து காவானும் பினாங்குதான். விளம்பரம் போட்டவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் பாலம் ஏறித் தீவுக்குப் போய், இரவில் தூங்கி வழியும் பிள்ளைகளோடு திரும்ப வேண்டியது நீங்கள். பிறையிலிருந்து போகும் முதல் பாலம் 1985-இல் திறந்தது. பத்து காவானிலிருந்து பத்து மாவுங்கிற்குப் போகும் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம் 2014-இல் வந்தது. இரண்டிலும் தீவுக்குள் நுழையும்போதுதான் டோல் கட்ட வேண்டும், திரும்பும்போது இல்லை. விடுமுறைக் காலத்தில் டோலை விடவும் நெரிசல்தான் செலவு. இக்கரை நெடுஞ்சாலையில் ஜூரு பக்கம் ஒரு மாலை மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

இக்கரையில் தங்குவதே தவறு என்று சொல்லவில்லை. தெரிந்தே தங்கினால் வீடு விசாலமாகக் கிடைக்கும், வாடகையும் குறையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பட்டர்வொர்த் ஃபெர்ரி 2021 முதல் கார்களை ஏற்றுவதில்லை. 2023-இல் வந்த புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களும் மட்டும்தான். காரோடு ஃபெர்ரி ஏறிய சின்ன வயது ஞாபகத்தில் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், சின்னக் குடும்பத்துக்குக் காரே வேண்டாம். கோலாலம்பூர் சென்ட்ரலில் இடிஎஸ் மின்சார ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்தை ஒட்டிப் பட்டர்வொர்த். அங்கிருந்து நடந்தே ஃபெர்ரி. அக்கரையில் இறங்கினால் ஜோர்ஜ் டவுன், அப்புறம் கிராப் வாடகைக் கார். நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் ஊர்ந்து நிற்கும் வரிசையில் “அம்மா, அவசரம்” என்று பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விடுமுறை நாள் டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்த வேகத்திலேயே தீர்ந்துவிடும். அறையைப் பிடித்துவிட்டு ரயிலைத் தேடாதீர்கள். ரயில் கிடைத்த பிறகு அறையைப் பிடியுங்கள்.

தீவுக்குள்ளேயே முகவரி இருந்தாலும் கேள்வி முடியாது. கடல் தெரியும் அறை வேண்டும் என்று தீவின் வடக்குக் கடற்கரையான பத்து பெரிங்கியில் பதிவு செய்வார்கள். பயணத் திட்டத்தைப் பார்த்தால் காலையில் லிட்டில் இந்தியாவில் இட்லி, மதியம் கொடிமலை (பினாங்கு ஹில்), இரவு கர்னி டிரைவ்; எல்லாமே ஜோர்ஜ் டவுன் பக்கம். பத்து பெரிங்கிக்கு ஜோர்ஜ் டவுனிலிருந்து தஞ்சோங் பூங்கா வழியாகப் போகும் சாலை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று வளைந்து நெளிந்து போவது. சாதாரண நாளில் அரை மணி நேரம். விடுமுறை மாலையில் எவ்வளவு என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த ஒரே சாலையில் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய் வருவதற்குப் பெயர் விடுமுறை இல்லை. சாப்பாடு, கோயில், கடைவீதி என்றால் ஊருக்குள் தங்குங்கள். மணலும் நீச்சல் குளமும்தான் வேண்டும் என்றால் பெரிங்கியில் தங்கி, ஒரே ஒரு நாள் மட்டும் ஊருக்குள் வந்து போங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டு இடத்தில் தங்கலாம். ஒரு முறை பெட்டி கட்டுகிற சிரமம்தான்.

கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் இன்னொன்று. அந்தக் கடல் பெரும்பாலும் கலங்கல். ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. தெலுக் பஹாங் பக்கக் கடலில் கடும் விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீன்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள்; வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகள். 2008-இல் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு, மூடிக்கிடந்த கடைவீடுகள் பல அழகான சின்ன ஹோட்டல்களாக மாறின. பூப்போட்ட தரை ஓடு, நடு முற்றம், மரச் சன்னல் எல்லாம் படத்தில் வரும். படியைத்தான் யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. எங்கள் வாடிக்கையாளர் குடும்பம் ஒன்று ஒரு டிசம்பரில் தாங்களே இணையத்தில் இப்படி ஓர் இடத்தைப் பிடித்தார்கள். பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள்தான். போய்ச் சேர்ந்தால் அறை மேல்மாடியில். லிஃப்ட் கிடையாது. குறுகலான, செங்குத்தான மரப்படி. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பாட்டி முதல் படியில் உட்கார்ந்து, பின்புறமாக ஒவ்வொரு படியாக நகர்ந்தே மேலே ஏறியிருக்கிறார். மருமகள் இரண்டு படி கீழே நின்று காலைத் தாங்கிக்கொண்டே போனாராம். மறுநாள் பாட்டி இறங்கவே இல்லை. “நான் பார்க்காத பினாங்கா, நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். மூன்று நாளும் அவருக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் மேலே போனது.

ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு நான்கு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. லிஃப்ட் உண்டா? இல்லையென்றால் கீழ்த்தளத்தில் அறை உண்டா? குளியலறைக்குப் படி ஏற வேண்டுமா? கார் வாசல் வரை வருமா? கடைசிக் கேள்வி முக்கியம். பழைய நகரத்தின் சந்துகளில் வாசலில் நிறுத்த இடம் இருப்பது அபூர்வம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு நண்பகல் வெயிலில் நடக்கும் தூரத்தை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இனி, கொண்டோ எனும் அடுக்குமாடி வீடுகள். ஒரு பெரிய வீட்டை எடுத்து எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாம் என்பது நம் குடும்பங்களுக்குப் பிடித்த யோசனை. எனக்கும் பிடிக்கும். ஆனால் 2023-இல் பினாங்கு அரசு கொண்டுவந்த வழிகாட்டியின்படி, தீவில் குடியிருப்பு வகைக் கட்டடங்களில் குறுகிய கால வாடகைக்கு அனுமதி இல்லை. வணிக வகைச் சர்வீஸ் அபார்ட்மெண்டுகளுக்கு மட்டும்தான், அதுவும் முறையான ஒப்புதலோடும் பதிவோடும். தவிர, கொண்டோ நிர்வாகம் இத்தகைய வாடகையைத் தடுக்கலாம் என்று 2020-இலேயே கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கோலாலம்பூர் மோன் கியாராவில் உள்ள ஒரு கட்டடம் பற்றிய வழக்கு அது. ஆக, உரிமையாளர் நல்லவராகவே இருந்தாலும் பாதுகாவலர் உங்களை வாசலில் நிறுத்திவைக்கலாம். “கார்டு கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்” என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லித் தருகிறாரா? அந்த வீடு வேண்டாம். கட்டடத்தின் பெயரைக் கேட்டு, அதன் நிர்வாக அலுவலகத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள்.

கட்டடத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வேறு ஆபத்தும் இருக்கிறது. இல்லாத வீட்டை வாடகைக்கு விடும் கூட்டம் இந்த மாதங்களில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். முகநூலில் குளத்தோடு பங்களா, கடலைப் பார்த்த மாடம், விலை மற்ற இடங்களில் பாதி. வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில் வரும். ஏமாந்து வந்த ஒரு பெண்மணி என்னிடம் காட்டிய உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போனது: “அக்கா, அந்த டேட்டுக்கு இன்னும் ரெண்டு குடும்பம் கேட்கிறாங்க. நீங்க நம்ம ஆளுங்க, அதனாலதான் உங்களுக்கு மொதல்ல சொல்றேன். பாதி டெபாசிட் போட்டா லாக் பண்ணிடுறேன்.” அவர் முகவரி கேட்டதற்கு, “செக்-இன் அன்னைக்குக் காலையில லொக்கேஷன் அனுப்புவோம்க்கா, செக்யூரிட்டி காரணம்.” பணம் போன கணக்கு வேறு ஏதோ பெயரில் இருந்தது. “மேனேஜர் அக்கவுண்ட்” என்றார்களாம். செக்-இன் அன்று காலையில் அந்த எண்ணில் படமும் இல்லை, பதிலும் இல்லை.

“நம்ம ஆளுங்க” என்ற பேச்சுக்கு மயங்காமல் இருப்பது கடினம்தான். ஆனால் இதைப் பிடிக்கக் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் தேவையில்லை. பணம் போடும் முன் வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்து வெளியே தெரியும் தெருவைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றும் வரவில்லை என்பதால் மட்டும் நல்ல கணக்கு என்று ஆகிவிடாது. புதிதாகத் திறந்ததாகவும் இருக்கலாம். பயண முகவர் என்று சொல்கிறவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் எண் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி அது கட்டாயம். எங்களிடமும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ரசீதிலேயே அச்சாகியிருக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 997-க்கு அழையுங்கள்; மோசடிப் பணப் பரிமாற்றத்தை நிறுத்துவதற்கென்றே இருக்கும் எண். வங்கிக்கும் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். வீடு உண்மையாகவே இருந்து, சொன்னபடி இல்லை என்பது வேறு வகை. அதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். படங்களையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

சீனப் பெருநாள் வாரத்தில் போகிறவர்கள் வயிற்றைப் பற்றி யோசித்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த சார் கொய்த்தியாவ் எனும் வறுத்த நூடுல்ஸ் விற்கும் சீனக் கடைக்காரர்கள் பலர் அந்த நாட்களில் விடுப்பில் இருப்பார்கள். நம் தமிழ் முஸ்லிம் மாமாக்களின் நாசி கண்டார் கடைகளில் வரிசை இரட்டிப்பாகும்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் எந்தத் தெரு என்பதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முந்தின நாளே லிட்டில் இந்தியாப் பக்கமிருந்து ரதங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிக் கிளம்பிவிடும். வழியெங்கும் தேங்காய் உடைப்பு, தண்ணீர்ப் பந்தல், ஆங்காங்கே சாலை மூடல். ரதம் போகும் வழியில் அறை கிடைத்தால் வயதானவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மலைக்கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏற முடியாதவர்கள் வாசலில் நாற்காலி போட்டு அர்ச்சனைத் தட்டோடு காத்திருக்கலாம். ஆனால் அங்கிருந்து காரை எடுக்க முடியாது. விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியிருந்தால் முந்தின இரவே காரை மூடல் பகுதிக்கு வெளியே நிறுத்திவிட்டு வாருங்கள். எந்தெந்தச் சாலை எப்போது மூடும் என்பதைப் போக்குவரத்துக் காவல்துறை சில நாட்களுக்கு முன்பே வெளியிட்டுவிடும்; அந்தப் பட்டியலில் உங்கள் ஹோட்டல் தெரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹோட்டலுக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.