கம்பளி போர்த்துமுன் உடுப்பைக் கழற்றுங்கள்: நச்சு பட்டவர்களைக் கடலில் மீட்கும்போது

1943 டிசம்பர் 2 மாலை, இத்தாலியின் பாரி துறைமுகத்தை ஜெர்மன் விமானங்கள் தாக்கின. மூழ்கியவற்றில் ஒன்று ஜான் ஹார்வி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். அதில், தோலைக் கொப்புளமாக்கும் போர் நச்சான கடுகு வாயு அடைத்த 2,000 குண்டுகள் ரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. விவரம் அறிந்த மாலுமிகள் கப்பலோடு மாண்டார்கள். கசிந்த நச்சு, துறைமுக நீரில் மிதந்த எண்ணெயில் கரைந்தது. அந்த எண்ணெயில் நீந்தித் தப்பியவர்களைக் குளிரிலும் அதிர்ச்சியிலும் இருப்பவர்களாக எண்ணி, நனைந்த உடுப்போடு கம்பளியில் சுற்றித் தேநீர் கொடுத்தார்கள். அந்தக் கதகதப்பில் நச்சு மணிக்கணக்கில் தோலுக்குள் இறங்கியது. கடுகு வாயு பாதிப்போடு அனுமதிக்கப்பட்ட 628 பேரில் 83 பேர் அந்த மாத இறுதிக்குள் இறந்தார்கள்.

தப்பியவர்களில் சுமார் 30 பேரை ஏற்றிக்கொண்டு டாரண்டோ துறைமுகத்துக்குப் போன பிரிட்டிஷ் போர்க்கப்பலில், சில மணி நேரத்தில் மாலுமிகளுக்கே கண் எரிந்து பார்வை போயிற்று. கப்பலைக் கரைசேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது.

கடுகு வாயு உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். தோலில் பட்ட சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். வலியும் சிவப்பும் தெரிய 2 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதனால்தான் மீட்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார், மீட்டவரும் நம்பிவிடுகிறார். குளிர்ந்த நீரில் அதிகம் ஆவியாகாத நச்சு, சூடான அறைக்குள் போனதும் ஆவியாகி அங்கிருப்பவர் எல்லோரையும் தாக்கும்.

ஆகவே மீட்கப்பட்டவரைத் திறந்த தளத்திலேயே நிறுத்துங்கள். கப்பலின் கதவுகளும் காற்று உள்ளிழுக்கும் துளைகளும் மூடியிருக்கட்டும். பணியாளர் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும்; நச்சுவாயு முகமூடியும் பியூட்டைல் ரப்பர் கையுறையும் கட்டாயம். மருத்துவமனையின் லேடெக்ஸ் கையுறையைக் கடுகு வாயு நிமிடங்களில் ஊடுருவிவிடும்; அது போதும் என்று நினைத்து இறங்குவதுதான் நாங்கள் பயிற்சிகளில் அதிகம் திருத்தும் தவறு.

முதல் வேலை உடுப்பு. மாசின் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். சட்டையைத் தலைவழியே உருவாதீர்கள், முகமும் கண்ணும் மாசாகும். கழுத்திலிருந்து கீழ்நோக்கிக் கத்தரியால் வெட்டி, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, இரட்டைப் பையில் போட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை 5 சதவீத பிளீச்சில் முக்குங்கள். உயிர்காப்பு அங்கி, பெல்ட், கைக்கடிகாரம், பூட்ஸ் எதுவும் மிஞ்சக் கூடாது. பூட்ஸுக்குள் தேங்கிய எண்ணெயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தோலில் தெரியும் துளிகளைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முல்தானி மட்டி தூவினால் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும் தாராளமாக. வெறும் நீர் எண்ணெயை அகற்றாது. கடுகு வாயுவும் நீரில் எளிதில் கரையாது. வெந்நீர் தோல் உறிஞ்சுவதை அதிகப்படுத்தும். தலைமுடி, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும், ஈரமும் சூடும் உள்ள இடங்களில்தான் புண் கடுமையாகும். கண்ணைச் சுத்தமான நீரால் உடனே கழுவுங்கள், கட்டுப் போடாதீர்கள். தோலுக்கு பிளீச் பயன்படுத்துவதானால் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. கண்ணிலும் வயிறு, மூளைக் காயங்களிலும் அது படவே கூடாது. துடைத்து உலர்த்திய பிறகுதான் கம்பளி.

சாரின் போன்ற, நரம்புகளைத் தாக்கும் நச்சு என்றால் வரிசை மாறும்: மூச்சுத் திணறுபவருக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து ஊசி முதலில், கழுவுவது அதன்பின்.

நச்சு பட்டால் நிறம் மாறும் கண்டறியும் தாளில் கடுகு வாயு சிவப்பாகத் தெரியும். ஆனால் கப்பல் எண்ணெயும் அதை ஏமாற்றக்கூடும். தாள் என்ன சொன்னாலும் எண்ணெயில் நனைந்தவரைக் கழுவியே ஆக வேண்டும். அறிகுறி இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணியுங்கள். கொப்புள நீரில் கடுகு வாயு இருக்காது. செவிலியர் அதற்கு அஞ்ச வேண்டாம். இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை பல நாள் கழித்தும் குறையலாம், இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும்.

ஒப்படைப்புச் சீட்டில் சந்தேகப்படும் நச்சு, தொடர்பு ஏற்பட்ட நேரம், கழுவிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். பாரியில் மருத்துவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் வந்து, காயங்களைப் பார்த்தே காரணத்தைக் கண்டறிய வேண்டியிருந்தது.