கருப்பு டி-ஷர்ட்டுக்கு மருந்து இல்லை

போன வாரம் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எப்பப் பார்த்தாலும் கருப்பு டி-ஷர்ட்தான் டாக்டர். டிப்ரஷனா இருக்குமோ?" பெண்ணிடம் தனியாகப் பேசினேன். தூக்கம், சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவளுக்குக் கருப்பு பிடிக்கும், அவ்வளவுதான். இந்த மாதத்தில் இது மூன்றாவது.

உடையின் நிறத்தை வைத்து மனசைப் படிக்கலாம் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! கருப்பு துக்கத்துக்கு என்பது ஐரோப்பாவில் வேரூன்றிய வழக்கம். 1861இல் கணவர் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி, 1901இல் தான் இறக்கும்வரை துக்கக் கருப்பைக் கைவிடவில்லை. சீனாவில் துக்கத்துக்கு வெள்ளை. அதே வெள்ளைதான் மேற்கத்திய மணப்பெண்ணுக்குக் கல்யாண உடை. ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, பெண் குழந்தைக்கு நீலம் என்று அமெரிக்கத் துணி வியாபார இதழ் ஒன்று 1918இல் எழுதியது. இன்று அப்படியே தலைகீழ். கிழிந்த ஜீன்ஸைப் பார்த்துப் புலம்புகிறவர்களுக்கும் ஒரு தகவல்: 1873இல் காப்புரிமை வாங்கிய அந்த ரிவெட் (உலோகக் குமிழ்) வைத்த கால்சட்டை, உழைப்பாளிகளுக்குச் சீக்கிரம் கிழியாமல் இருக்க வந்தது. நிறத்துக்கும் துணிக்கும் அர்த்தம் கொடுப்பது ஊரும் காலமும். அதற்கு மாத்திரை எழுத முடியாது.

(வெள்ளைக் கோட்டு போட்டால் கவனம் கூடும் என்று 2012இல் ஒரு ஆய்வு வந்தது. 2019இல் அதே சோதனையை இன்னும் நிறையப் பேரிடம் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் கோட்டை விட்டதற்குக் காரணம் வேறு, குழந்தைகள் பயந்து அழுகிறார்கள்.)

அப்படியானால் நாங்கள் உடையைக் கவனிப்பதே இல்லையா? கவனிக்கிறோம். கேஸ் ஷீட்டில் முதலில் எழுதுவதே தோற்றம்தான். ஆனால் இவர் முன்பு எப்படி உடுத்தினார் என்று தெரியாமல் அந்த வரிக்குப் பெரிதாக மதிப்பில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க மாமனார் இஸ்திரி போடாத சட்டையைத் தொடமாட்டார். இப்ப நாலு நாள் ஒரே சட்டை. நேத்து அதுக்கு மேல பனியனைப் போட்டுட்டு வந்து நிக்கறார். வயசாயிடுச்சுல்ல!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் கூட்டி வந்திருக்க வேண்டியவர் அவர்தான். டிமென்ஷியாவில், அதாவது மறதி நோயில், உடுத்தும் வரிசை இப்படிக் குழம்பும். தைராய்டு, பி12 குறைவு மாதிரி சரிசெய்யக்கூடிய கோளாறும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

திடீரென்று ஒருவர் பளபளவென்று உடுத்தி, தூங்காமல், கண்டபடி செலவு செய்தால் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கொளுத்தும் வெயிலிலும் புதிதாக முழுக்கையை விடாத பிள்ளையின் கையைப் பிடித்துச் சுருட்டிப் பார்க்காதீர்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதை மறைக்கிற பிள்ளையாக இருக்கலாம். தனியாக, கோபமில்லாமல் கேளுங்கள். அப்புறம், மடிப்புக் கலையாமல் உடுத்தி வருகிறவர் "முடியலை" என்றால், "உனக்கென்ன, ஜம்முன்னு இருக்கே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்றைய தெம்பு முழுவதும் அந்தச் சட்டைக்கே செலவாகியிருக்கலாம்.

தாத்தாவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சட்டையை அவரே போட்டுக்கொள்ளட்டும், பொத்தானைத் திருத்திவிடாமல் அப்படியே கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.