தேன் பெட்டி உங்களுடையது, பட்டா யாருடையது? குமரி மாவட்டச் சிறு தேனீ வளர்ப்போர் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

குமரி மாவட்டத்தில் தேனீ வளர்க்கும் பலருக்குப் பெட்டி மட்டுமே சொந்தம். அது நிற்கும் நிலம் சொந்தமில்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் வேறொருவருடைய ரப்பர் தோட்டத்தில் பெட்டிகளை வைத்து, தோட்டக்காரருக்குத் தேனாகவோ பணமாகவோ ஏதாவது கொடுத்துவிட்டு வருவதுதான் இங்கே நெடுநாள் வழக்கம். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலம் முதல் தொழில் வளர்ந்திருக்கிறது. விண்ணப்பப் படிவங்களோ இன்னும் நிலம் வைத்திருப்பவரை மட்டுமே விவசாயி என்று எண்ணுகின்றன. திட்டங்களின் வரலாற்றை இங்கே எழுதப் போவதில்லை. எங்கே வழுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மானியம். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 வழிகாட்டுதல்கள் ஒரு தேனீக் கூட்டத்துக்கு 2,000 ரூபாய், ஒரு பெட்டிக்கு 2,000 ரூபாய் என விலை வைத்து, அதில் 40 விழுக்காட்டை மானியமாக அனுமதித்தன. ஒருவருக்கு 50 கூட்டங்கள் வரைதான். தொகை திருத்தப்பட்டாலும் கணக்குப் போடும் முறை இதுவே என்பதால், நீங்கள் கூடுதல் விலைக்கு வாங்கினாலும் மானியம் அரசு வைத்த விலைக்குத்தான் கிடைக்கும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். உங்கள் பெயரில் சிட்டா இல்லையென்றால், பெரும்பாலும் அந்த மேசையிலேயே பேச்சு முடிந்துவிடும்.

முடிய விடாதீர்கள். தோட்ட உரிமையாளரிடம் பெட்டி வைக்கச் சம்மதக் கடிதமும் அவருடைய சிட்டா நகலும் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி தளத்தில் தேனீ வளர்ப்பவராகப் பதிவு செய்து அந்தச் சான்றையும் சேருங்கள். அதற்குப் பிறகும் முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள், ஏனென்றால் வாயால் சொன்ன மறுப்பை எடுத்துக்கொண்டு விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்தக் காகிதத்தையும் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி, பெட்டி வந்து சேரும் காலம். இங்கே ஒரு தேனீக் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பது மழை ஓய்கிற ஆண்டுக் கடைசியில். ரப்பர் தளிர்விட்டுத் தேன் வருவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. நிதியாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்க மார்ச்சில் அவசரமாக இறக்கப்படும் பெட்டிகள், தேன் வரத்து ஓய்ந்த பிறகே பலம் பெறத் தொடங்குகின்றன. தேனீக்கு இரை கிடைக்காத மழைக்காலப் பஞ்சத்தில் அவற்றிலுள்ள கூட்டங்கள் பல பெட்டியை விட்டு ஓடிப்போகின்றன. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, நடு அடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அறைகளின் அடியில் வெள்ளை முட்டை நிற்கிறதா என்று பாருங்கள். முட்டை இல்லையென்றால் பெரும்பாலும் ராணி இல்லை என்றே பொருள். ராணியில்லாத பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டபின் அதை யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு. தேனைக் குப்பியில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றால், நீங்கள் உணவு வணிகர். சிறு விற்பனையாளருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும்; 2011 விதிமுறைகள் அதற்கு முதலில் வைத்த வரம்பு, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்த நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் கைபேசி எண்ணையே கணக்கில் கொடுத்துவிடுவதால், பிறகு ஒரு திருத்தத்துக்கும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டியதாகிறது. இன்னும் சிலர் தயாரிப்பவர் என்று போட வேண்டிய இடத்தில் சில்லறை விற்பனையாளர் என்று போட்டுவிடுகிறார்கள். ஆய்வின்போது அந்தப் பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு தரவேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு அறிவிப்புத் தரவேண்டும். 30 நாளில் ஒரு முடிவும் தெரிவிக்கப்படவில்லையென்றால் நீங்கள் தொழிலைத் தொடங்கலாம் என்று அதே விதி சொல்கிறது. இதை அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

லேபிளுக்கு இன்னொரு துறை உண்டு. பொதி செய்து விற்பவர் சட்டமுறை எடையளவு விதிகளின் கீழும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு எண் வாங்கிவிட்டோமே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தேனின் அளவை எடையில் எழுத வேண்டும்; 750 மில்லி குப்பியில் ஏறக்குறைய ஒரு கிலோ தேன் பிடிக்கும், ஆகவே குப்பியின் மில்லி அளவைப் பார்த்து லேபிள் அச்சிடாதீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, ‘முருங்கைத் தேன்’, ‘ரப்பர் தேன்’ என்று பெருமையாக எழுதுவது. ஒரே செடியின் பெயரைச் சொல்லி விற்கும் தேனில், மகரந்தத்தில் 45 விழுக்காடாவது அந்தச் செடியுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. ரப்பர் தேனோ பூவிலிருந்து வருவதே இல்லை. இளந்தளிர் இலைக்காம்பின் சுரப்பிகளில் ஊறுவது. அதில் ரப்பர் மகரந்தத்தை எங்கே தேடுவது? தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருப்பதால், ‘தேன்’ என்று மட்டும் எழுதுவது பாதுகாப்பு.

தேனின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் காலத்தில் வாரந்தோறும் அடைகளை இயந்திரத்தில் சுற்றித் தேன் எடுக்கும் நம் ஊர் வழக்கத்தில் இந்த எல்லை எளிதில் மீறப்படுகிறது. முக்கால்வாசி அறைகளாவது மெழுகு மூடிய பிறகே எடுங்கள். ஈரத்தைப் போக்க அடுப்பில் காய்ச்சினால் எச்.எம்.எஃப். என்னும் பொருள் கூடி, கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்ற வேறொரு எல்லையில் தோற்பீர்கள். பஞ்சகாலத்தில் கொடுத்த சீனிப் பாகு எஞ்சிய அடைகளை முதல் அறுவடையில் கலந்துவிட்டால், கரும்புச் சர்க்கரைச் சோதனையில் அது கலப்படமாகவே தெரியும். தேனீக்கு உணவாகக் கொடுத்தேன் என்ற விளக்கத்தை ஆய்வறிக்கையில் எழுத இடமில்லை.

மாதிரி எடுக்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் பதறாதீர்கள். எடுக்கும் தேனுக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். மாதிரி நான்காகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் அவருக்கு மேலுள்ள நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அறிக்கையுடன் வந்த உறையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை. மாநிலத்துக்குள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். லேபிள் ஒட்டிப் பொதி செய்த தேனுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி உண்டு. அந்தக் குப்பிகளை எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள பாறசாலைக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றாலே அது மாநிலம் கடந்த விற்பனை, 40 லட்சம் என்ற வரம்பு அங்கே பயன்படாது, ஒரு பெட்டி குப்பிக்கும் பதிவு கட்டாயம். பொதி செய்யாத, லேபிள் இல்லாத தேனுக்கு வரியே கிடையாது. அதை மட்டும் விற்பவர் எந்த மாநிலத்துக்கு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. கேரள வியாபாரிக்குக் கேனில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, குப்பி வியாபாரத்தை மார்த்தாண்டம், நாகர்கோவில் கடைகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு இந்தத் தொல்லை வராது.