நீதி கேட்கும் பதிவில் படம் எதற்கு?

ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்துவிட்டது என்று செய்தி வந்தால், அன்று மாலையே பள்ளிச் சீருடையில் அந்தக் குழந்தையின் படம் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே 'நீதி வேண்டும்' என்று எழுதியிருக்கும். அனுப்புகிறவருக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஆனாலும் அந்தப் படத்தை அனுப்புவது குற்றம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இது புதிய விதியா என்றால் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்று இருந்ததுதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது.

பலரும் சறுக்குவது 'அடையாளம்' என்ற சொல்லில். பெயரைப் போடவில்லையே, முகத்தை மறைத்துவிட்டேனே என்பார்கள். சரி, ஆனால் தெருப் பெயரும் அப்பாவின் கடையும் படிக்கும் கல்லூரியும் பதிவில் இருந்தால், ஊர்க்காரருக்குப் பெயர் எதற்கு? ஆள் யாரென்று மறைமுகமாகத் தெரியவைக்கும் எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில், நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகை, தொலைக்காட்சியோடு சமூக வலைதளத்தையும் அதில் சேர்த்தே சொன்னது.

இறந்துபோனவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட மருத்துவரின் பெயரையும் படங்களையும் வலைதளங்களிலிருந்து நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குழந்தை என்றால் பிடி இன்னும் இறுக்கம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லியே தடுக்கிறது. தண்டனை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் நலனுக்குத் தேவை என்றால் சிறப்பு நீதிமன்றம்தான் அனுமதி தரலாம். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவனின் படத்துக்கும் பொருந்தும். இதை ஏற்க நமக்கு மனம் வராது, சட்டம் அப்படித்தான்.

அரசே தவறியதும் உண்டு. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அரசாணையிலேயே வந்துவிட்டது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. இத்தனைக்கும் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றச் சொன்ன 2016 உத்தரவிலேயே, பாலியல் குற்ற வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் விலக்கு தந்திருந்தது. அந்த மாணவிக்கும் இடைக்கால இழப்பீடு 25 லட்சம். கசிந்த தாளை நாலு பேருக்குத் தள்ளிவிட்டவர்களும் அந்தச் சேதத்தில் பங்குள்ளவர்கள்தான் என்பது என் கருத்து.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அழுத்துங்கள், குரூப் அட்மினிடமும் சொல்லுங்கள். வேறு யாரோ போட்டது என்றால் அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யலாம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் தரலாம். 'இதை நீக்குங்கள்' என்று எழுதும்போது அதே படத்தின் ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டிவிடாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். பாதிக்கப்பட்ட பெண் வயது வந்தவராக இருந்து, தன் பெயரோடு பேச அவரே முடிவு செய்தால் 72-ஆம் பிரிவு தடுக்காது. அவர் எழுத்தில் தரும் அனுமதியோடு பெயரை வெளியிடலாம்.