மா: ஒரே ஓசை, ஊருக்கு ஒரு பொருள்

கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தபோது, கடைக்குக் கிளம்பிய என்னிடம் அந்த வீட்டு அக்கா, "வரேக்க ஒரு கிலோ மா வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். "என்ன மாக்கா?" என்று கேட்டேன். "கோதுமை மாதான், வேற என்ன மா?" என்று அவர் சிரித்தார். தமிழ்நாட்டில் நாங்கள் மாவு என்போம். இலங்கையில் அது மா. அந்த 'வு' இல்லாமல் போனதும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

வேறு எத்தனையோ மா இருக்கிறது, அதுதான் சிக்கல். மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு. "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டில் தேர் பூட்டிய இடத்தில் வந்தால் அது குதிரை. மாநகரம், மாகடல் என்றால் பெரிய. பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 1/20. தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் நிலத்தை மாக் கணக்கில்தான் சொல்வார்கள்: மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நன்னூல் தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. அதில் இந்த ஒன்றுக்கு மட்டுமே இவ்வளவு வேலை.

தமிழைத் தாண்டிப் போனால் இன்னும் வேடிக்கை. ஹங்கேரியில் மா என்றால் இன்று. பின்லாந்தில் நிலம், நாடு. அரபியில் என்ன, இல்லை. சமஸ்கிருதத்தில் செய்யாதே என்று தடுக்கும் சொல். இந்தியில் அம்மா. இத்தாலியில் ஆனால், பிரான்சில் என்னுடைய. கடைசி இரண்டும் லத்தீன் வயிற்றில் பிறந்த மொழிகள் என்பதைக் கவனியுங்கள். மேலும் என்ற பொருளுள்ள 'மாகிஸ்' தேய்ந்து இத்தாலியில் மா ஆனது. என்னுடையவள் என்ற பொருளுள்ள 'மேயா' தேய்ந்து பிரான்சில் மா ஆனது. இரண்டு வேறு கற்கள் ஆற்றில் உருண்டு ஒரே மாதிரிக் கூழாங்கல்லாகிவிட்டன.

ஏன் இப்படி எல்லோரும் ஒரே கல்லில் வந்து நிற்கிறார்கள்? வாயைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டு உதடுகளையும் மூடி, மூக்கு வழியாக மூச்சை விட்டால் ம். அப்படியே தாடையைக் கீழே இறக்கினால் ஆ. நாக்குக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ழகரத்துக்கு நாக்கை எத்தனை மடக்கு மடக்குகிறோம் என்று நினைத்துப் பார்த்தால் மா எவ்வளவு மலிவான ஓசை என்பது விளங்கும். உலகின் மிகப் பெரும்பாலான மொழிகளில் ம் உண்டு. (எல்லாவற்றிலும் இல்லை. வட அமெரிக்காவின் மோஹாக் மொழியில் உதடு மூடிச் சொல்லும் மெய்யே கிடையாது. அவர்கள் அம்மாவை மகரம் இல்லாமல்தான் கூப்பிட வேண்டும்.)

இன்னொரு பாதி, வெறும் எண்ணிக்கை. தமிழில் 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 உயிர்மெய். உலகில் மொழிகளோ சுமார் 7,000. எல்லோரும் சின்னச் சொல் வேண்டும் என்று இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே கையை விட்டால், ஒரே ஓசை பலர் கையில் வரத்தான் செய்யும். வாட்ஸப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும்: சீனத்தில் மா என்றால் குதிரை, சங்கத் தமிழிலும் மா குதிரை, ஆகவே... அந்த 'ஆகவே'யில்தான் வண்டி குடை சாய்கிறது. சீனச் சொல்லின் பழைய வடிவத்தை மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். அதில் மகரத்துக்குப் பின் ஒரு ரகரம் இருந்தது. கடைசியில் தொண்டையை அடைத்து நிறுத்தும் ஓர் ஒலியும் இருந்தது. ஏறக்குறைய 'ம்ர' போல. இன்று ஒன்றாக ஒலிப்பவை அன்று ஒன்றாக ஒலிக்கவில்லை. உறவு உண்டா என்று பார்க்க ஒற்றைச் சொல் போதாது. மாமரத்துக்குக் கன்னடத்திலும் மலையாளத்திலும் மாவு என்று வருவதுபோல, வரிசையாக நூறு சொற்கள் ஒழுங்காகப் பொருந்தி வர வேண்டும்.

சீனத்தைத் தொட்ட பிறகு சுரத்தை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் குரலை உயரத்திலேயே நிறுத்திச் சொன்னால் மா அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று மேலிருந்து விழவிட்டால் திட்டு. எந்த அழுத்தமும் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் அது நம் 'வந்தானா'வில் உள்ள ஆ மாதிரி, கேள்வி. சீன மொழியியலாளர் யுவன் ரென் ஜாவ் 1930இல் இதற்கு ஐந்து படிகள் கொண்ட ஓர் ஏணி அமைத்தார். அடிப்படி 1, உச்சிப்படி 5; குரல் எந்தெந்தப் படியில் போகிறதோ அந்த எண்களை வரிசையாக எழுத வேண்டும். அதன்படி அம்மா 55, சணல் 35, குதிரை 214, திட்டு 51. இசை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் கச்சேரிபோல சுருதிப்பெட்டி வேண்டாம். பாட்டியின் 5 வேறு, பேரனின் 5 வேறு. கேட்பவர் காது அந்தந்தக் குரலுக்குள் ஏற்ற இறக்கத்தை அளந்துகொள்ளும்.

இது நமக்கு முற்றிலும் புதிதென்று சொல்ல மாட்டேன். அம்மாவிடம் போனில் பேசிப் பாருங்கள். விழுகிற 'ம்' என்றால் சரி. ஏறுகிற 'ம்?' என்றால் என்ன சொன்னே? நீட்டி இழுத்த 'ம்ம்ம்' என்றால் நீ சொல்றதை நான் நம்பவில்லை. உதடு திறக்காமலே மூன்று சேதி. நாம் சுரத்தை மனநிலைக்கு வைத்துக்கொண்டோம். மாண்டரின் அதைச் சொல்லுக்கே வைத்துக்கொண்டது. சொல்லைப் பிரிக்க நமக்கு வேறு கருவி இருக்கிறது, மாத்திரை. கல்லும் காலும், படுவும் பாடுவும் நீளத்தால்தான் வேறு. பின்னிஷ் மொழியும் இந்தக் கட்சிதான்: துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று.

சுரம் எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே அழகான கதை. 1954இல் பிரெஞ்சு மொழியியலாளர் ஒத்ரிகூர் வியட்நாமிய மொழியை வைத்து அதை விளக்கினார். ஒரு காலத்தில் அந்த மொழியில் சுரமே இல்லை. சில சொற்களின் கடைசியில் தொண்டை அடைப்பொலி இருந்தது, சிலவற்றில் ஸகரமோ ஹகரமோ போன்ற காற்றொலி, சிலவற்றில் இரண்டும் இல்லை. தொண்டையை அடைக்கும்போது குரல்நாண் இறுகும். இறுகினால் வீணைத் தந்திபோலக் குரல் ஏறும். காலப்போக்கில் கடைசி மெய் உதிர்ந்தது, ஏறிய குரல் மட்டும் நின்றுவிட்டது. இப்படி மூன்று சுரம். பிறகு சொல் முதலில் இருந்த, குரல்நாண் அதிரும் மெய்யும் (b போல) அதிராத மெய்யும் (p போல) ஒன்றாகக் கலந்தன. அந்த வேறுபாடும் குரலின் உயரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று, ஆறானது. பஞ்சாபியிலும் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது: நாம் தமிழில் 'கோடா' என்று எழுதிவிடக்கூடிய ஒரே ஓசை அங்கே தாழ்ந்த குரலில் குதிரை, உயர்ந்த குரலில் தொழுநோயாளி, சமனான குரலில் சாட்டை.

தமிழில் சுரம் இல்லை, மாத்திரையும் இந்த இடத்தில் உதவாது. எல்லா மாவும் நெடில்தான். அப்படியானால் குழப்பம் எப்படித் தீர்கிறது? பக்கத்துச் சொல்லோடு சேரும் விதத்தில். மாமரத்து மா அடுத்த சொல்லைத் தொடும்போது மூக்கொலி பிறக்கிறது: மாங்காய், மாந்தோப்பு, மாம்பழம். பெருமை குறித்த மாவோ மாகடல், மாபாதகம் என்று ஒற்று இல்லாமல் போய்விடுகிறது. அந்த மாங்காயின் மூக்கொலிதான் மலையாளக் கரையில் 'மாங்ங'வாகப் போர்ச்சுக்கீசியர் காதில் விழுந்து, 'மங்கா'வாகி, ஆங்கிலத்தில் மேங்கோ என்று நிற்கிறது. கோதுமை மாவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுப் பேச்சு ஒரு 'வு' சேர்த்துப் பிரித்துக்கொண்டது. கொழும்பு அக்காவுக்கு அந்தத் தேவை இல்லை. கிலோ, வாங்கிக்கொண்டு என்ற இரண்டு சொற்களே போதும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தற்செயல் என்று கைகழுவ முடியாது. அம்மா. அமெரிக்க மானிடவியலாளர் மர்டாக், பல மொழிகளில் தாய்க்கு 531 சொற்களும் தந்தைக்கு 541 சொற்களும் திரட்டினார். தாய்ச் சொற்களில் 55 விழுக்காடு மூக்கொலி மெய் கொண்டவை. தந்தைச் சொற்களில் 15 விழுக்காடுதான். இதை எடுத்துக்கொண்ட மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் சொன்ன விளக்கம் எளிமையானது. பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கிறது. முனகினால் மூக்கு வழியாகத்தான் வரும். பிறகு பாலைப் பார்த்தாலே, பசித்தாலே அதே முனகல். பெரியவர்கள் அதைக் கேட்டு, என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்மாவா சாப்பாடா என்பது குழந்தைக்கு இன்னும் பிரிந்திருக்காது. நம் வீடுகளில் சோறு மம்மு, மம்மம். ஜப்பானியக் குழந்தைக்கும் சோறு 'மம்மா'. ஜார்ஜிய மொழியிலோ 'மாமா' என்றால் அப்பா, அம்மா 'தேதா'. குழந்தை ஓசையைத்தான் தருகிறது; அதை யாருக்குப் பெயராக வைப்பது என்பது ஊர் முடிவு. தொல்காப்பியர் இதை எப்போதோ ஒரே அடியில் சொல்லிவிட்டார்: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா." சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் தெரியாது.

வியட்நாமை முடிக்காமல் விட்டேன். அங்கே ஆறு சுரத்துக்கும் ஆறு மா: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. குதிரை சீனத்திலிருந்து வந்த கடன். கடைசி மாவைத் தொண்டையில் அழுத்தி, தாழ்த்தி, சட்டென்று வெட்டிச் சொல்ல வேண்டும். மெகாங் வடிநிலத்தில் அது நாற்று. காவிரி வடிநிலத்தில் மா, அந்த நாற்றை நடுகிற நிலத்தின் அளவு.